22 கேள்விகளும் ஒரு லயக் காம்பராவும்

2023ஆம் ஆண்டு அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளிவந்த வாரத்தில் தோட்டங்களில் நாம் கேட்டது ஒரே கேள்விதான். "பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைச்சிருக்கு, எனக்கு ஏன் கிடைக்கல?" கிராம உத்தியோகத்தரிடம் போனால், நான் தெரிவு செய்யவில்லை, கணினி தெரிவு செய்தது என்றார். பிரதேச செயலகத்துக்குப் போனால் அங்கேயும் கணினிதான். ஒரு நாள் பேரை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்ற பெண்களுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

துரை சொல்லிவிட்டார் என்றால் துரையின் ஒபீசுக்கு முன்னால் போய் நிற்கலாம். நின்றிருக்கிறோம். கணினி சொல்லிவிட்டது என்றால் எங்கே போய் நிற்பது? இதை நமது சங்கம் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எமது கருத்து. சம்பளத்தைப் பேசுகிறோம், காணியைப் பேசுகிறோம், வீட்டைப் பேசுகிறோம். ஆனால் இனி இந்த மூன்றிலும் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் விதிதான் முதலில் தீர்மானிக்கப் போகிறது. அந்த விதியை எழுதுபவரோடு பேசாமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய முறை நல்லது என்று யாரும் சொல்ல மாட்டோம். சமுர்த்திப் பட்டியல் கட்சிக்காரர்களின் பட்டியலாக இருந்த காலத்தைத் தோட்டத்து மக்கள் மறக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சொல்லியே நம்மில் பெரும்பாலானோரை வெளியே வைத்திருந்தார்கள். ஆகவே, ஒரு அரசியல்வாதியின் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு அளவுகோல் வருகிறது என்றால் அதை நாம்தான் முதலில் வரவேற்க வேண்டும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது அப்படித்தான் வரவேற்றோம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று ஆரம்பத்தில் அறிவித்தார்கள். டவுனில் முச்சக்கர வண்டி ஓட்டும் நம் பையன்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனக்கு எத்தனை லீற்றர் மிச்சம் என்று அவரவர் போனிலேயே பார்த்துக்கொண்டார்கள். நாட்கணக்கான வரிசை குறைந்தது.

அஸ்வெசும அந்த மாதிரியானதல்ல.

2022 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானியின்படி, ஒரு குடும்பம் வறிய குடும்பமா என்பதை 6 துறைகளின் கீழ் 22 குறிகாட்டிகள் சொல்ல வேண்டும். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தின் அமைப்பு ஆகியவை அந்த ஆறு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டி, குடும்பங்களை வரிசைப்படுத்தி நான்கு வகையாகப் பிரிப்பார்கள். 2023இல் அந்த வகைகளுக்கான தொகை மாதம் 2,500 ரூபா, 5,000 ரூபா, 8,500 ரூபா, 15,000 ரூபா. பின்னர் 2025 ஜனவரி முதல் 8,500 ரூபா 10,000 ஆகவும், 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்ந்தன.

அல்கொரிதம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது இதுதான். பெரிய மாயம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையைப் போன்றது. விடைக்குப் புள்ளி, புள்ளிக்குக் கூட்டல், கடைசியில் ஒரு வெட்டுப்புள்ளி.

வெட்டுப்புள்ளி எப்படி வருகிறது என்பதைப் பெற்றோர் எல்லோரும் அறிவார்கள். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை வைத்து மட்டும் அது வருவதில்லை. பாடசாலையில் எத்தனை இடம் இருக்கிறது என்பதை வைத்து வருகிறது. அஸ்வெசுமவிலும் அப்படித்தான். முதல் வகைக்கு 4 லட்சம் குடும்பங்கள், இரண்டாவதுக்கு 4 லட்சம், மூன்றாவதுக்கு 8 லட்சம், நான்காவதுக்கு 4 லட்சம் என்று எண்ணிக்கையை முன்கூட்டியே வகுத்துவிட்டார்கள். மொத்தம் 20 லட்சம். விண்ணப்பித்தவை சுமார் 37 லட்சம் குடும்பங்கள். அப்படியென்றால் ஏறக்குறைய 17 லட்சம் குடும்பங்கள் வெளியே நிற்கப் போவது கணக்கெடுக்க ஒரு உத்தியோகத்தர் லயத்து வாசலுக்கு வருமுன்பே தெரிந்த விஷயம். கோடு எங்கே விழ வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கவில்லை. திறைசேரியில் எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று தீர்மானித்தவர்கள் தீர்மானித்தார்கள். சர்வதேச நாணய நிதியத்தோடும் உலக வங்கியோடும் பேசி நலன்புரிச் செலவுக்கு வரையறை போட்ட ஆண்டு அது. அரசாங்கம் அந்தத் தீர்மானத்தை எடுத்தது என்று அரசாங்கமே சொல்லியிருந்தால் நாம் அரசாங்கத்தோடு வாதாடியிருப்போம். கணினி என்று சொன்னதால் பக்கத்துக் காம்பராவோடு சண்டை போட்டோம். இந்த நுட்பத்தைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

புலமைப்பரிசில் உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், ஏனென்றால் அதில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. அந்தப் பரீட்சையில் உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பல்கலைக்கழக அனுமதியிலும் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்கள் என்று நுவரெலியா, பதுளை போன்றவற்றுக்குத் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள். அதாவது ஒரே புள்ளி எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தராது என்பதை இந்த நாட்டு அரசே பல பத்தாண்டுகளுக்கு முன்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. வறுமையை அளக்கும்போது மட்டும் கொழும்பு வீட்டுக்கும் கிராமத்து வீட்டுக்கும் லயத்துக்கும் ஒரே கோலை நீட்டுகிறார்கள்.

லயத்தை அந்தக் கோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? சுவர் கல். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, இன்னும் நிற்கிறது. தரை சீமெந்து. மின்சாரம் இருக்கிறது. இந்தத் தகவல்களை மட்டும் பார்த்தால் காட்டோரம் மண்வீட்டில் இருக்கிறவரைவிட நாம் வசதியானவர்கள். ஆனால் அந்தச் சுவர் நமக்குச் சொந்தமில்லை. அந்தக் காம்பராவைக் காட்டி வங்கியில் ஆயிரம் ரூபா கடன் எடுக்க முடியாது. கூரைத் தகரத்தை மாற்றுவதற்குக்கூட ஒபீசில் கேட்க வேண்டும். ஒரே காம்பராவுக்குள் அப்பா அம்மா ஒரு பக்கம், கலியாணம் முடித்த மகன் குடும்பம் ஒரு பக்கம், இரண்டு அடுப்பு, ஒரே மீற்றர். மின்சாரப் பாவனையைப் பார்த்தால் ஒரு நல்ல குடும்பத்தின் பாவனை தெரியும். அது இரண்டு குடும்பம் என்று மீற்றருக்குத் தெரியாது. கொழும்பில் வேலை செய்யும் மகள் தவணைக்கு எடுத்துக் கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டி மூலையில் இருக்கிறது. வட்டிக்கடையில் இருக்கும் தோடு எந்தக் கேள்வியிலும் வராது.

இது நமது மனக்குறை மட்டுமல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடு முழுவதும் வறுமை 14.3 வீதம், பெருந்தோட்டத் துறையில் 33.8 வீதம். மூன்றில் ஒருவர். அது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. அரசின் ஒரு திணைக்களம் நம்மை நாட்டிலேயே வறியவர்கள் என்று எழுதி வைத்திருக்கும்போது அரசின் இன்னொரு கணினி நம் வாசலில் தடுமாறுகிறது என்றால் பிழை நம்மிடம் இல்லை.

முதல் பட்டியலுக்கு எதிராக நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. மேன்முறையீடு செய்ய இடம் வைத்தது நல்லதுதான். ஆனால் எதை எதிர்த்து எழுதுவது? புலமைப்பரிசிலில் பிள்ளைக்கு 141 புள்ளி என்று தாளில் வரும், குறைவு என்று நினைத்தால் மீள்திருத்தத்துக்குப் போடலாம். நம்மிடம் வந்த எவர் கையிலும், உங்களுக்கு இந்தக் கேள்வியில் இத்தனை புள்ளி, இத்தனையால் தவறினீர்கள் என்று எழுதிய ஒரு துண்டு இருக்கவில்லை. அதனால் எல்லோரும் "நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம்" என்று எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான். இரவு இரவாக உட்கார்ந்து பாடசாலை மேசைகளில் எழுதினோம். கஷ்டம் என்பது அந்தப் படிவத்தில் ஒரு கூடு அல்ல என்பதைச் சிலருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது.

படிவத்தால் வெளியே தள்ளப்படுவது மலையகத்தவருக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றுதான் இருந்தது. கேள்வி எல்லோருக்கும் பொது. பதிலுக்கு வேண்டிய கடதாசி தோட்டத்தில் யாரிடமும் இல்லை என்பது கேள்வியை எழுதியவர்களுக்குத் தெரியும். அதைச் சரிசெய்ய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. அஸ்வெசுமவை எழுதியவர்களுக்கும் அதே எண்ணம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கு நம்மைப் பற்றிய எண்ணமே இருக்கவில்லை என்று சொல்கிறோம். விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வேலையைப் பணக்கார நாடுகளும் செய்து பார்த்துவிட்டுச் சூடுபட்டிருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் நடந்தது நமக்கு எளிதாக விளங்கும். நலன்புரிப் பணம் வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித் திணைக்களத்திலிருந்து எடுத்து, அதை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து, நீ கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று கணினி கடிதம் அனுப்பியது. 2015இல் தொடங்கிய திட்டம் அது. நம் கதையில் வைத்துப் பாருங்கள். சித்திரை வைகாசியில் கொழுந்து பொங்கும்போது மாதம் 25 பேர் விழும். மாசியில் வெயிலும் பனியும் அடிக்கும்போது 10 பேர் விழுந்தால் பெரிய விஷயம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, மாசியிலும் உனக்குப் பதினேழு பேருக்கு மேல் சம்பளம் வந்தது என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே அப்படித்தான் சொன்னார்கள். சட்டத்துக்கே முரணான கணக்கு என்று கடைசியில் ஒப்புக்கொண்டு, 4 லட்சத்து 70 ஆயிரம் கடன்களுக்காக 72 கோடி டொலருக்கு மேல் திருப்பிக் கொடுப்பதாக 2020இல் அந்த அரசாங்கம் அறிவித்தது. 2023இல் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் நோக்கித்தான் விரலை நீட்டியது. கணினியை யாரும் விசாரிக்கவில்லை.

நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோரை வரித் திணைக்களம் கடனாளியாக்கியது. அந்த நாட்டுப் பிரஜையல்லாதவர்களைக் கூடுதல் சந்தேகத்துக்குரியவர்களாக அந்த மென்பொருள் எண்ணியது பிறகு தெரியவந்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. நமக்கு அதைவிட முக்கியமானது அதே நாட்டில் அதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளைக் குறிவைத்து, பல திணைக்களங்களின் தகவல்களைக் கூட்டிச் சேர்த்து, யார் மோசடி செய்யக்கூடும் என்று ஊகிக்கும் சிரி என்ற முறையை ஹேக் நீதிமன்றம் 2020 பெப்ரவரியில் தடுத்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் எஃப்.என்.வி. என்ற தொழிற்சங்கச் சம்மேளனம். சம்பளத்துக்காக மட்டும் போராடும் அமைப்பாகத் தன்னை அது நினைத்திருந்தால் அந்த வழக்கில் அதன் பெயர் இருந்திருக்காது.

இனி நம் மலைக்கு வருவோம். அரசாங்கம் வீட்டை அளக்கிறது, கம்பனி கொழுந்தை அளக்கிறது. டிஜிட்டல் தராசு வந்த தோட்டங்களில், ஆள் ஆளுக்கு ஒரு அட்டை. தராசில் மூட்டையை மாட்டி அட்டையைத் தொட்டால் கிலோ நேரே ஒபீசுக்குப் போகிறது. கணக்கப்பிள்ளை தனக்கு வேண்டியவளுக்கு இரண்டு கிலோ கூட்டி எழுதுவதும், வாய் காட்டியவளுக்குக் குறைத்து எழுதுவதும் இதனால் குறையும் என்றால் நல்லது. குறைந்துமிருக்கிறது. ஆனால் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்ற கழிவு எங்கே போனது? அது மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு மழை விட்டிருந்தால் "இன்னைக்கு எங்க ஐயா தண்ணி? கொழுந்தப் புடிச்சுப் பாருங்க" என்று தராசடியில் நின்று பெண்கள் கேட்பார்கள். ஒரு கிலோவாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இப்போது கேட்டால், மெசின்ல போட்டிருக்கு, என்னால மாத்த முடியாது என்று பதில் வருகிறது. எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் தராசின் எண் தெரியும் பக்கம் பெண்களுக்கு முதுகு காட்டித்தான் இருந்தது. திருப்பி வைக்கச் சொல்ல நம் தலைவி இரண்டு வாரம் போராடினார்.

தராசுக்கு அரச முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அளவீட்டு அலகுகள் திணைக்களம் படிக்கல்லையும் தராசையும் சோதிக்கலாம். தராசு சரியாக 20 கிலோ காட்டிய பிறகு, சம்பளச் சிட்டைக்குப் போகும் வழியில் அதை 18 ஆக்கும் விதிக்கு முத்திரை குத்துபவர் யார்? அதோடு இன்னொன்றும் நடக்கிறது. எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கு வருடக்கணக்காக ஒபீசில் சேர்ந்துகொண்டே போகிறது. அடுத்த முறை நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோவைப் பற்றிப் பேச உட்காரும்போது கம்பனிக்காரர் கையில் அந்தக் கணக்கு இருக்கும். நம் கையில் என்ன இருக்கும்?

ஸ்பெயினில் 2021இல் கொண்டுவந்த ஒரு சட்டத்திருத்தம் இதற்கு வழி காட்டுகிறது. வேலை நிலைமையைப் பாதிக்கும் அல்கொரிதம் எந்த விதிகளின்படி இயங்குகிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அங்கே முதலாளிக்கு உண்டு. சாப்பாடு விநியோகிக்கும் பையன்களின் பிரச்சினையில் தொடங்கி எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக அதை எழுதினார்கள். கழிவு எத்தனை வீதம், எப்போது, யார் அதை மாற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் ஒரு துண்டு வர வேண்டும். தராசில் சேரும் கணக்கின் பிரதி தோட்டக் கமிட்டிக்கும் வர வேண்டும். நமது அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத் தொகைக்குப் பக்கத்திலேயே இவை இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். தொகை 200 ரூபா கூடி, கழிவு 2 கிலோ கூடினால் யாருக்கு லாபம்?

அரசாங்கத்திடம் கேட்க நமக்குச் சட்டமும் கொஞ்சம் உண்டு. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் மட்டுமே எடுத்த, ஒருவரைத் தொடர்ந்து பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நல்ல பிரிவு. ஆனால் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த நேரத்தில் அந்தத் திகதியை இரத்துச் செய்தார்கள். இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை கொண்டுவரும் வேலைக்கு இருக்கும் அவசரம் இதற்கு இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்றோலில் இன்னொரு பெயர் என்று வாழும் நமது வயதானவர்களுக்கு அந்த அட்டை வரும்போது என்ன நடக்கும் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

தகவலறியும் உரிமைச் சட்டம் அப்படியல்ல, 2017இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. "எனது குடும்பத்துக்கு ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எத்தனை புள்ளி இடப்பட்டது, எனது பிரதேசத்தில் வெட்டுப்புள்ளி என்ன" என்று பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரியிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் பதில் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேலே போகலாம், ஆணைக்குழு வரை போகலாம். ஒருவர் கேட்டால் ஒரு கடதாசி. ஒரு டிவிசனில் ஐம்பது பேர் ஒரே நாளில் கேட்டால் அது வேறு. பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் லயத்தை எந்தக் கேள்வி வீழ்த்துகிறது என்று முதன்முறையாக நமக்கே தெரியவரும். மின்சாரமா, சுவரா, ஒரே முகவரியில் இரண்டு குடும்பமா? அதைக் கையில் வைத்துக்கொண்டு, குறிகாட்டிகளைத் திருத்தும்போது தோட்டத் துறைக்குத் தனி வெட்டுப்புள்ளி வேண்டும் என்று நலன்புரி நன்மைகள் சபையிடம் பேசலாம். இப்போது பேசினால் அழுகிறோம் என்பார்கள்.

மாதிரிக் கடிதம் மாவட்டக் காரியாலயத்தில் இருக்கிறது. தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் வாங்கிக்கொள்ளலாம். மேன்முறையீடு செய்தவர்கள் அதன் பிரதியையும் குடும்ப இலக்கத்தையும் கொண்டு வாருங்கள். பிரதி இல்லாதவர்கள் அடையாள அட்டையோடு வந்தால் போதும். எழுத முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலையில் நாம் எழுதித் தருகிறோம். டிஜிட்டல் தராசு உள்ள டிவிசன்களில் இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கேங்கிலும் ஒருவர் ஒரு கொப்பியில் மூன்று நேர நிறுவையையும் எழுதி வையுங்கள். சம்பளச் சிட்டை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.